மூச்சுத் திணறும் நோயாளி வீட்டில் இருந்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் தூசி குடித்தவர், உசிலம்பட்டிப் பக்கம் காலமெல்லாம் விறகடுப்பு ஊதிய அப்பத்தா, பீடி விட்டும் இளைப்பு விடாதவர், காசநோய் குணமாகியும் நுரையீரல் சுருங்கிப்போனவர். இப்படி வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்களைக் கவனிக்கும் குடும்பத்தாருக்கும், வீடு தேடிப் போகும் நர்ஸ்களுக்கும் இது. மருந்தின் அளவையும் ஆக்சிஜன் இலக்கையும் டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். அது கையில் இருக்கும்போது எது பழுதாகும், எதை எந்த வரிசையில் பார்ப்பது என்பது மட்டும் இங்கே.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் ஆக்சிஜன் எண் குறைந்ததும் கை தானாகப் போவது ஆக்சிஜன் திருகுக்குத்தான். அது கடைசி வேலை. முதலில் ஆளைப் பாருங்கள், பிறகு மூக்கு, அதிலிருந்து குழாய் வழியாகப் பின்னோக்கிச் சுவர் பிளக் வரை. வீட்டுப் பழுதுகளில் பெரும்பாலானவை இந்தப் பாதையில்தான் எங்கோ உட்கார்ந்திருக்கும்.

எதுவாக இருந்தாலும் முதல் ஒரு நிமிடம்

நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது இளைப்பு நோயாளியிடம் சரிவராது, மூச்சு சீராக இருக்காது. எண்ணுவதை அவரிடம் சொல்லவும் கூடாது. சொன்னால் மூச்சை மாற்றிவிடுவார். நாடி பிடிப்பதுபோல் மணிக்கட்டில் கையை வைத்துக்கொண்டே எண்ணலாம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. நாள்பட்ட நோயாளிக்கு 22, 24 அன்றாட அளவாக இருக்கக்கூடும். நல்லபடியாக இருக்கும் ஒரு நாளில் எண்ணி, கட்டிலுக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். அந்த எண் தெரியாமல் இன்று கூடியதா குறைந்ததா என்று எப்படிச் சொல்வது?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மிசினை (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர்) ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும், மற்றவர் நோயாளி பக்கத்தில் இருக்கட்டும்.

– ஒரே மூச்சில் இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை
– மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டுகிறது, அல்லது திடீரென 10-க்குக் கீழே இறங்குகிறது
– உதடும் நாக்கும் நீலம் பாரிக்கின்றன
– குழப்பமாகப் பேசுகிறார், அல்லது எழுப்பினாலும் கண் சொருகுகிறது
– இதுவரை கேட்ட வீசிங் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் திணறல் நிற்கவில்லை
– புதிதாக நெஞ்சுவலி, அல்லது சளியில் நிறைய ரத்தம்

ஐந்தாவதைப் பலர் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். சத்தம் வரக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம்.

“ஆக்ஸிமீட்டர்ல 82 காட்டுது, ஆனா ஆளு நல்லாத்தான் பேசுறாரு”

கருவியில் ஓடும் நாடி எண்ணையும் நீங்கள் மணிக்கட்டில் எண்ணும் நாடியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் அந்த 82-க்கு மதிப்பில்லை. கை சில்லிட்டிருந்தால் உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் மாட்டி, கையை ஆட்டாமல் ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். நெயில் பாலிஷை அழியுங்கள். கல்யாண வீட்டுக்குப் போய்வந்த கையாக இருந்தால், அதுவும் கருப்பு மருதாணி வைத்த விரலாக இருந்தால், மருதாணி படாத விரலைத் தேடுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழுந்தாலும் தப்பாகக் காட்டும். பேட்டரி தீர்ந்துவரும் கருவி சொல்வதை நம்பாதீர்கள்.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. கருத்த தோலில் இந்தக் கருவிகள் உண்மையைவிடச் சற்றுக் கூட்டியே காட்டக்கூடும். நம் ஊர் ஆட்களுக்கு 90 என்று காட்டும்போது உள்ளே அதைவிடக் குறைவாக இருக்கலாம். எண் நன்றாக இருக்கிறது, ஆள் நன்றாக இல்லை என்றால் ஆளை நம்புங்கள்.

“மிசின் ஓடுது, மூக்குல காத்து வரலை”

ஒரு டம்ளர் தண்ணீரில் மூக்குக் குழாயின் இரண்டு முனைகளையும் அமிழ்த்துங்கள். குமிழி வந்தால் காற்று வருகிறது. 1, 2 லிட்டரில் காற்று வருவது கன்னத்தில் தெரியாது, அதனால் கையை வைத்துப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். குமிழி வராவிட்டால் இந்த வரிசையில் போங்கள்.

1. குழாய் முழுவதையும் விரலுக்கிடையில் விட்டு உருவிக்கொண்டே வாருங்கள். கட்டில் காலுக்கு அடியில், சேர் சக்கரத்தில், நோயாளியின் முதுகுக்குக் கீழே மடங்கியிருக்கும். ராத்திரிப் பழுது என்றால் பாதிக் கதை இங்கேயே முடிந்துவிடும்.

2. குழாய்க்குள் தண்ணீர் நிற்கிறதா? ஏசி அறையிலும் மழைக்காலத்திலும் வியர்த்துத் தேங்கும். குழாயைக் கழற்றி, ஒரு முனையைப் பிடித்துச் சுழற்றி உதறுங்கள். குழாய் தரையில் தொய்ந்து கிடக்கும் இடத்தில்தான் தண்ணீர் சேரும், ஆகவே சரிவாக விடுங்கள். காற்றை ஈரமாக்க மிசினில் மாட்டியிருக்கும் தண்ணீர் பாட்டிலை ‘மேக்ஸ்’ கோட்டுக்கு மேல் நிரப்பியிருந்தாலும் தண்ணீர் குழாய்க்குள் ஏறும்.

3. தண்ணீர் பாட்டில் மூடி. பழுதின் தாய்வீடு இதுதான். மரை கோணலாக ஏறியிருந்தால் காற்று அங்கேயே ஓரமாகக் கசிந்துவிடும். மிசினின் லிட்டர் மீட்டரில் மிதக்கும் குண்டு 2-இல் நிற்கும், மூக்குக்கு ஒன்றும் வராது. சோதிக்க, பாட்டிலிலிருந்து வெளியே வரும் குழாயை மடித்து இறுக்கிப் பிடியுங்கள். சில விநாடிகளில் பாட்டில் ‘ப்பீ’ என்று விசிலடித்தால் மூடி சரி. சத்தமே இல்லையென்றால் கசிகிறது. மூடியைக் கழற்றி, வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, நேராக வைத்துத் திருகுங்கள்.

4. பாட்டிலைக் கழற்றிவிட்டு, மிசின் வாயில் குழாயை நேரடியாக மாட்டிப் பாருங்கள். இப்போது காற்று வந்தால் குற்றம் பாட்டிலுடையது. 1, 2 லிட்டரில் இருப்பவருக்குப் பாட்டில் இல்லாமலே ஓட்டலாம், மூக்கு காய்ந்தால் மட்டும் போட்டால் போதும்.

பாட்டிலுக்கு டிஸ்டில்டு வாட்டர் என்றால் மெடிக்கலில் வாங்குவது. பேட்டரிக் கடையில் கிடைப்பது அல்ல. கிடைக்காத ஊரில் கொதித்து ஆறிய தண்ணீர் போதும். நம் பக்கத்து போர் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அடியில் உப்புப் பூத்து, குமிழி வரும் ஓட்டையை அடைத்துவிடும். தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிக் கழுவிப் புதிதாக ஊற்றுங்கள். குறைந்த தண்ணீருக்கு மேலே நிரப்பிக்கொண்டே போவது கிருமி வளர்க்கும் வேலை.

குண்டின் நடுப்பகுதிதான் அளவுக்கோட்டில் இருக்க வேண்டும், தலையோ அடியோ அல்ல. மிசினைக் கண் மட்டத்தில் பாருங்கள். நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் தப்பாகத் தெரியும்.

“காத்து வருது, ஆனா நம்பர் ஏறலை”

மூக்குக் குழாயின் வளைவு உள்பக்கம், கீழ்நோக்கி இருக்கிறதா? தலைகீழாக மாட்டினால் காற்று மூக்கின் கூரையில் மோதும். மூக்கில் சளி அடைத்திருந்தால் சலைன் சொட்டு விட்டுத் துடைத்தெடுங்கள்.

மிசின் போட்டதுமே நம்பாதீர்கள். சுத்தமான ஆக்சிஜன் வர 5 முதல் 10 நிமிடம் பிடிக்கும். கரண்ட் போய் வந்தபிறகும் அப்படித்தான்.

பின்பக்க ஸ்பாஞ்சு ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். சாம்பல் நிறப் போர்வை மாதிரி தூசி ஒட்டியிருந்தால் மிசின் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, பிழிந்து, முழுக்கக் காய்ந்தபின் மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டக் கூடாது. வைகாசித் தூசியில், ரோட்டோர வீட்டில், நாலு நாளைக்கு ஒருமுறை அலச வேண்டியிருக்கும்.

இன்னும் ஏறவில்லையா? கையில் சிலிண்டர் இருந்தால் நல்ல சோதனை ஒன்று உண்டு. அதே லிட்டரில் சிலிண்டருக்கு மாற்றிப் பத்து நிமிடம் பாருங்கள். எண் நாலைந்து ஏறினால் மிசினுக்குள் ஆக்சிஜனைப் பிரிக்கும் சல்லடைக் கல் தேய்ந்துவிட்டது. லிட்டர் சரியாகக் காட்டும், சுத்தம் இருக்காது. சரியான மிசின் 93 சதவீதத்தை ஒட்டித் தர வேண்டும். மஞ்சள் விளக்கு எரிந்தால் சர்வீஸ்காரரிடம் சொல்லிச் சுத்தத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். சிலிண்டரிலும் எண் ஏறவில்லையென்றால் குறை நோயாளியிடம்: சளி அடைப்பு, காய்ச்சல், நுரையீரலைச் சுற்றிக் காற்றோ நீரோ. டாக்டரிடம் போக வேண்டும்.

அதுவரை எவ்வளவு கூட்டலாம்? சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கிப்போகும் நாள்பட்ட இளைப்பு நோய்) நோயாளிக்கு இலக்கு பொதுவாக 88 முதல் 92. மற்றவர்களுக்கு டாக்டர் எழுதியது. அரை லிட்டர் கூட்டுங்கள், ஐந்து நிமிடம் பொறுங்கள், மறுபடி பாருங்கள். ‘ஆக்சிஜன் கூட்டினால் மயங்கிடுவாரு’ என்று பயந்து 75-இல் விட்டுவைப்பது பெரிய தப்பு. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு 88 வரும்வரை கூட்டுங்கள், 92-இல் நிறுத்துங்கள். மூக்குக் குழாயில் 6 லிட்டருக்கு மேல் பலனில்லை. சாதா மாஸ்க் போட்டால் 5 லிட்டருக்குக் குறையவே கூடாது, விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார்.

“நம்பர் 97, ஆனா தூங்கிக்கிட்டே இருக்காரு”

இந்த ஒரு பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் படித்துவைக்க வேண்டும். எண் நன்றாக இருப்பதால் யாரும் பதறுவதில்லை. ‘மூணு நாளா தூக்கமில்லை, இன்னைக்குத்தான் அசந்து தூங்குறாரு’ என்று போர்வையைப் போர்த்திவிடுகிறார்கள்.

நாள்பட்ட சிஓபிடியில் உள்ளே சேரும் கார்பன் டை ஆக்சைடு வெளியே போகாமல் தங்கும். தேவைக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் அது இன்னும் ஏறும். ஆக்ஸிமீட்டர் ஆக்சிஜனை மட்டுமே காட்டும், இதைக் காட்டாது. அடையாளங்கள்: காலையில் தலைவலி, சிவந்து கனத்த கண், சூடான கை, காபி டம்ளர் கையில் நிற்காமல் நழுவுவது. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல் உள்ளங்கையைக் காட்டச் சொல்லுங்கள். கோழி இறக்கை அடிப்பதுபோல் கை விட்டுவிட்டு விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

நல்ல தூக்கத்தையும் இதையும் பிரிக்க, பேர் சொல்லித் தோளைத் தட்டுங்கள். தூங்குபவர் விழித்து எரிச்சல்படுவார், ‘ஏன்டா எழுப்புற?’ என்பார். இவர் ‘ம்’ என்று சொல்லி, பதிலை முடிக்குமுன் மறுபடி போய்விடுவார்.

செய்ய வேண்டியது: தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைத்து 88–92-க்குக் கொண்டுவாருங்கள். ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், சட்டென்று 70-க்குச் சரிந்துவிடும். வீட்டில் பைபேப் (மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைத் தள்ளும் மிசின்) எழுதிக்கொடுத்திருந்து, எழுப்பினால் விழிக்கிறார் என்றால் மாட்டுங்கள். வாந்தி வந்தாலோ விழிக்கவே இல்லையென்றாலோ மாட்டக் கூடாது. 108.

முந்தின நாள் யாராவது தூக்க மாத்திரை கொடுத்தார்களா, இருமல் சிரப் வாங்கினார்களா என்றும் விசாரியுங்கள். சீட்டில்லாமல் மெடிக்கலில் வாங்கிய மாத்திரைதான் காரணமாக இருப்பதுண்டு. இன்னொரு பழக்கம்: நெபுலைசரை ஆக்சிஜன் சிலிண்டரில் 6, 8 லிட்டரில் ஓட்டுவது. கார்பன் தேங்கும் நோயாளிக்குக் காற்றுக் கம்ப்ரசரில் நெபுலைசர் ஓடட்டும், மூக்குக் குழாயில் வழக்கமான லிட்டர் தொடரட்டும்.

“நெபுலைசர்ல புகை வரலை”

கிண்ணத்தைத் திறந்து உள்ளே அந்தச் சின்னக் கூம்பு இருக்கிறதா என்று பாருங்கள். கழுவும்போது தண்ணீர்த் தொட்டியில் போய்விடும் சாமான் அது. அது இல்லாமல் மருந்து சும்மா கொப்பளிக்கும், புகையாகாது. கூம்பு இருந்தும் வரவில்லையா? அடி ஓட்டை அடைத்திருக்கும். வெந்நீரில் ஊறவையுங்கள், ஊசியால் குத்தாதீர்கள். ஓட்டை பெருத்தால் கிண்ணம் வீண். கம்ப்ரசரில் இருக்கும் வட்ட ஃபில்டர் கறுத்திருந்தால் மாற்றுங்கள்.

கிண்ணத்தில் மொத்தம் 3, 4 மி.லி. இருக்க வேண்டும். ரெஸ்பியூலில் (மருந்து வரும் சின்னப் பிளாஸ்டிக் குப்பி) அதைவிடக் குறைவாக இருந்தால் டாக்டர் சொன்னபடி நார்மல் சலைன் சேர்த்துக்கொள்ளலாம். உட்காரவைத்து, கிண்ணத்தை நிமிர்த்திப் பிடித்து, சுமார் பத்து நிமிடம். ‘டப் டப்’ என்று துப்பத் தொடங்கியதும் விரலால் தட்டிவிட்டு இன்னும் ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். அடியில் கொஞ்சம் மிஞ்சுவது பழுதல்ல. மாஸ்க் தளர்ந்து மருந்து கண்ணில் பட்டால், கண் அழுத்த நோய் உள்ளவருக்குக் கண் வலிக்கும். வாயில் கவ்வும் குழாய் மேல். ஸ்டீராய்டு மருந்து என்றால் முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், முகத்தையும் துடைத்துவிடுங்கள். நாக்கில் வெள்ளையாகத் தயிர் படிந்ததுபோல் இருந்தால் அது பூஞ்சை, டாக்டரிடம் காட்டுங்கள்.

“மிசின் கத்துது” – கரண்ட்டும் சிலிண்டரும்

நீளமாக ஒரே சத்தம் என்றால் பெரும்பாலும் கரண்ட் இல்லை அல்லது பிளக் கழன்றிருக்கிறது. விட்டுவிட்டுக் கத்தினால் சூடு, காற்றடைப்பு, அல்லது குறைந்த சுத்தம். கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் மிசின் படுத்துவிடும். பெரும்பாலான மிசின்கள் 40 டிகிரி வரைதான் தாங்கும். சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வையுங்கள், மேலே துணி போடாதீர்கள், அடுப்படிக்குப் பக்கத்தில் வேண்டாம். குழாய் நீளமாக இருக்கலாம், மிசினை அடுத்த அறையில் நிழலில் வைத்துவிடுங்கள். கிராமத்தில் சாயங்காலம் பம்புசெட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் கம்ப்ரசர் திணறும், ஸ்டெபிலைசர் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஃப்ரிட்ஜோடு சேர்த்துச் செருக வேண்டாம்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை கரண்ட் இருக்கும்போதே கணக்குப் போட்டுவையுங்கள். 5 லிட்டர் மிசின் சுமார் 350 வாட் இழுக்கும். புதிய 150 ஏஎச் பேட்டரி ஒன்று சைன்வேவ் இன்வெர்ட்டரில் மூன்று மணி நேரம் தாங்கலாம். ஃபேன், டிவி எல்லாம் அதிலேயே ஓடினால் இன்னும் குறையும், மூன்று வருடப் பேட்டரி பாதிகூடத் தராது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 மணியிலிருந்து பிற்பகல் வரை நீளும். பேப்பரில் உங்கள் துணைமின் நிலையத்தின் பேர் வருகிறதா என்று பார்த்து, முதல் நாளே சிலிண்டரை நிரப்புங்கள். திடீர்த் தடைக்கு மின்னகம் 94987 94987. வீட்டில் ஆக்சிஜன் நோயாளி இருப்பதை உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவையுங்கள்.

சிலிண்டர் கணக்கு எளிது. மீட்டரில் பார் (bar) அளவில் காட்டும் எண்ணைச் சிலிண்டரின் தண்ணீர்க் கொள்ளளவால் பெருக்கினால் மிச்சமுள்ள லிட்டர். பி டைப் சிலிண்டர் 10 லிட்டர்; 150 காட்டினால் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிடம், பன்னிரண்டரை மணி நேரம். முள் 100-இல் நின்றால் எட்டு மணி நேரம்தான். பெரிய டி டைப்பில் சுமார் 7000 லிட்டர். முள் 20-க்கு வந்ததும் அடுத்ததைத் தயார் செய்யுங்கள். பூஜ்யம் வரை ஓட்டுகிறவர்களுக்குத்தான் அகால நேரத்தில் தீரும்.

மாற்றும்போது வால்வை ஒரு நொடி லேசாகத் திறந்து தூசியை ஊதிவிட்டு மூடி, பிறகு ரெகுலேட்டரை மாட்டுங்கள். ‘உஸ்’ சத்தம் வந்தால் வாஷரை மாற்றுங்கள். எண்ணெயோ கிரீஸோ தொடவே கூடாது, எண்ணெய்க் கையோடும் தொடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனோடு எண்ணெய் சேர்ந்தால் தீப்பிடிக்கும். சங்கிலியால் கட்டி நிறுத்துங்கள்.

தீ விஷயத்தில் சமாளிப்பு வேண்டாம். பீடி, கற்பூரம், ஊதுபத்தி, விளக்கு, கேஸ் அடுப்பு எல்லாம் பத்து அடிக்கு அப்பால். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டே ஆகவேண்டும் என்றால் வாசலோடு நிறுத்துங்கள். கொசுவத்தி நெருப்புக்கும் ஆபத்து, புகைக்கும் ஆபத்து. கொசுவலை கட்டுங்கள்.

“நெஞ்சுல கர கரங்குது, சளி வெளிய வரலை”

வெறும் இருமலால் ஆளைக் களைக்கவைக்காதீர்கள். முதலில் நெபுலைசர், பத்து நிமிடம் கழித்துச் சளி. உட்கார்ந்து மூன்று நான்கு ஆழ்ந்த மூச்சு. பிறகு வாயைத் திறந்து கண்ணாடியில் ஆவி ஊதுவதுபோல் ‘ஹா’ என்று இரண்டு தரம். சளி மேலே வந்தபின் ஒரு இருமல். டாக்டர் நீர் குறைக்கச் சொல்லாதவருக்கு வெதுவெதுப்பாக அடிக்கடி குடிக்கக் கொடுங்கள். உடம்பில் நீர் வற்றினால் சளி கோந்தாகும்.

சளி வெள்ளையிலிருந்து மஞ்சள், பச்சைக்கு மாறி, அளவும் கூடி, இளைப்பும் கூடினால் தொற்று. அன்றே காட்டுங்கள். இரண்டு வாரமாகச் சளியும் எடைக்குறைவும் இருந்தால் பழைய காசநோயாளிக்கும் மறுபடி சளிப் பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம்.

வீசிங் திடீரென்று கிளம்பினால் அடுப்படியை மோந்து பாருங்கள். காய்ந்த மிளகாய் தாளித்த நெடி, தரை துடைத்த ஃபினாயில், போகி அன்று தெருவில் எரியும் டயர். ஆளை வேறு அறைக்கு மாற்றிவிட்டுத்தான் மருந்து.

கழுத்து டியூப் (மூச்சுவிடக் கழுத்தில் துளை போட்டு வைக்கும் ட்ரக்கியாஸ்டமி டியூப்) வைத்தவருக்குத் திணறல்

விசில் சத்தம், கழுத்துத் தசை இழுப்பு, வியர்வை: டியூப் அடைக்கிறது. யோசிக்க நேரமில்லை, கை வரிசையாகப் போக வேண்டும்.

1. பேச்சு வால்வு, மூடி, ஈரப்பத ஃபில்டர் எல்லாவற்றையும் கழற்றுங்கள்.
2. உள் டியூபைத் திருகி வெளியே எடுங்கள். பல நேரம் அடைப்பு அதோடு வந்துவிடும். மாற்று உள் டியூபைப் போடுங்கள்.
3. சக்ஷன் (சளியை உறிஞ்சி எடுப்பது). டியூப் சைஸ் 8 என்றால் 12 சைஸ் கதீட்டர், அதன் இணைப்பு முனை வெள்ளை. 7 என்றால் 10, கறுப்பு. விட்டத்தில் இரண்டைக் கழித்து இரண்டால் பெருக்குங்கள், அதுதான் கணக்கு. அழுத்தம் 80 முதல் 120 mmHg. உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே எடுக்கும்போது மட்டும். மொத்தம் 10 விநாடி. உங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தால் நேரம் தானே தெரியும். இடையில் ஆக்சிஜன் கொடுத்து ஆசுவாசப்படுத்துங்கள்.
4. கதீட்டர் உள்ளே இறங்கவே இல்லையா? டியூப் அடைத்துவிட்டது அல்லது இடம் மாறிவிட்டது. டியூபைச் சுற்றிப் பலூன் இருந்தால் அதன் காற்றை எடுங்கள், மூக்கு வாய்க்கும் கழுத்து ஓட்டைக்கும் சேர்த்து ஆக்சிஜன் வையுங்கள், 108. இன்னும் மோசமானால், துளை பழகி மாதக்கணக்கானவருக்கு, பயிற்சி பெற்றவர் டியூபையே வெளியே எடுத்துவிட வேண்டும். அடைத்த டியூபைவிட வெறும் ஓட்டை மேல்.

குரல்வளையையே எடுத்துவிட்டவருக்கு மூக்கில் ஆக்சிஜன் வைத்துப் பயனே இல்லை. கழுத்து ஒன்றுதான் வழி. இதைக் கட்டில் தலைமாட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், புதிதாக வருபவருக்குத் தெரியாது. பலூன் ஊதியிருக்கும்போது பேச்சு வால்வைப் போடவே கூடாது. காற்று உள்ளே போகும், வெளியே வர வழியிருக்காது. அதே சைஸ் டியூப் ஒன்று, ஒரு சைஸ் சின்னது ஒன்று, கட்டில் பக்கத்திலேயே தொங்கட்டும். பீரோவில் பூட்டிவைக்கும் சாமான் அல்ல.

அடைப்பு திரும்பத் திரும்ப வருகிறதென்றால் காற்று காய்ந்திருக்கிறது. ஈரப்பத ஃபில்டர் அல்லது ஈரமூட்டி வேண்டும், உள் டியூபைக் கழுவும் தடவையும் கூட்டுங்கள்.

பைபேப் மாஸ்க்கில் ‘புஸ்ஸு புஸ்ஸு’

ஓரமாகக் காற்று கசிந்தால் வாரை இறுக்குவது எல்லோரும் செய்வது, அதனால்தான் மூக்குத் தண்டில் புண். வாரைத் தளர்த்தி, காற்று ஓடும்போதே மாஸ்க்கைத் தூக்கி மறுபடி உட்காரவைத்து, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். மாஸ்க்கிலோ குழாயிலோ இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியே காற்று வருவது பழுதல்ல. விட்ட மூச்சு வெளியே போகும் வழி அது, பிளாஸ்திரி ஒட்டி அடைத்துவிடாதீர்கள். பல்செட்டைக் கழற்றியதால் கன்னம் குழிந்து கசிந்தால் பகலில் பல்செட்டோடு மாட்டிப் பாருங்கள். வயிறு உப்பினாலோ குமட்டினாலோ மாஸ்க்கைக் கழற்றுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் மாட்ட வேண்டும்.

மூக்குப் புண், காதுப் புண்

வேசலின், தேங்காயெண்ணெய், விக்ஸ் எதுவும் மூக்கில் தடவாதீர்கள். ஆக்சிஜனோடு எண்ணெய்ப் பசை ஆகாது. தண்ணீரில் கரையும் ஜெல் மெடிக்கலில் கிடைக்கும். குழாய் காதை அறுக்கும் இடத்தில் காஸ் துணியைச் சுற்றுங்கள். விறைத்துப்போன குழாயை மாற்றுங்கள். உட்கார்ந்தே இருப்பவருக்குப் புண் முதலில் வால் எலும்பில்தான் வரும், தினமும் பாருங்கள்.

“சாப்பிட உக்காந்தாலே இளைக்குது”

ஆக்சிஜனைக் கழற்றிவிட்டுச் சாப்பிடவைப்பதுதான் காரணம். மூக்குக் குழாய் இருக்கட்டும். மூன்று வேளையை ஆறாக்குங்கள். இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து, குழைந்த சாதம், ராகிக் கூழ், முட்டை. மெல்லுவது குறைந்தால் மூச்சு மிஞ்சும். உண்டபின் அரைமணி நிமிர்ந்தே உட்கார வேண்டும். விழுங்கும்போது இருமினால் அல்லது குரல் ஈரமாக மாறினால் உணவு மூச்சுக்குழாய்க்குப் போகிறது. நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். மலச்சிக்கலைக் கவனியுங்கள், முக்கும்போது சரிந்து விழுபவர் உண்டு.

ஜிகர்தண்டா கேட்கிறார் என்றால் குளிர்ச்சியால் சளி பிடிக்காது. ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையால் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கால் வீக்கம்

இரண்டு காலும் வீங்கி, மூன்று நாளில் எடை 2 கிலோ கூடினால் இதயத்தின் வலப்பக்கம் தளர்கிறது. தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பார்த்து எழுதுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரி.

“நம்பரெல்லாம் சரி, ஆனா மூச்சு முட்டுதுங்குறாங்க”

முட்டுவது உண்மைதான். எண்ணைக் காட்டி ‘ஒண்ணுமில்லை அப்பத்தா’ என்று வாதாடினால் பயம் கூடும், பயம் மூச்சைக் கூட்டும். கூடிநிற்கும் சொந்தக்காரர்களை வெளியே அனுப்புங்கள். ஜன்னலைத் திறந்து, சின்ன ஃபேனை மூக்குக்கும் கன்னத்துக்கும் நேராக வையுங்கள். முகத்தில் படும் காற்று திணறல் உணர்வைக் குறைக்கும். முன்னால் ஸ்டூலில் இரண்டு தலையணை அடுக்கி, அதில் முழங்கையை ஊன்றிக் குனியவிடுங்கள். மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள். எதிரே உட்கார்ந்து, ‘என்கூட விடுங்க அப்பத்தா, சூடு காபிய ஊதுற மாதிரி’ என்று சொல்லி, மூக்கால் இரண்டு எண்ணிக்கை இழுத்து, குவித்த உதட்டால் நாலு எண்ணிக்கை விடுங்கள். உங்கள் மூச்சு நிதானமானால் அவருடையது பின்னால் வரும்.

இது தினமும் வந்தால் திணறலைத் தணிக்கத் தனி மருந்துகள் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிநிவாரண நர்ஸும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருவார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதியுங்கள்.

108 வரும்வரை

நிமிர்த்தி உட்காரவையுங்கள். டாக்டர் எழுதிய நெபுலைசரைத் தொடங்கலாம். தண்ணீர், சோறு கொடுக்காதீர்கள். வாசலிலும் தெருமுனையிலும் ஆள் நிற்கட்டும்.

ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குத் தொடங்கியது, அப்போது எண், இப்போது எண், மூச்சு எத்தனை, எத்தனை லிட்டர், கடைசியாகக் கொடுத்த மருந்தும் நேரமும். சிஓபிடி என்றால் ‘இலக்கு 88–92’ என்று மேலே பெரிதாக எழுதுங்கள். வண்டியில் பழக்கத்தில் பத்து லிட்டர் மாஸ்க் போட்டுவிடக்கூடும். மதுரை பெரியாஸ்பத்திரியோ தோப்பூர் நெஞ்சக மருத்துவமனையோ, எங்கே போனாலும் பழைய எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, இன்ஹேலர் போகட்டும். பைபேப் உள்ளவருக்கு மிசின், மாஸ்க், வயர் மூன்றும் ஒரே பையில். மாஸ்க்கை மறந்துவிட்டு மிசினை மட்டும் தூக்கிக்கொண்டு போவது வழக்கமாக நடப்பது.